ஒரே வெயிலில் இரண்டு குடங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரைக் கல்லூரிகளுள் ஒன்றில் நான் பௌதிகம் கற்பித்து வந்தேன். ஒரு சித்திரை நண்பகலில், கணித ஆசிரியரான நண்பரோடு கூடத்தில் அமர்ந்திருந்தபோது, என் மனைவி உள்ளங்கையை ஊதிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“ரெண்டு பித்தளைக் குடமும் காலையிலருந்து ஒரே வெயில்லதான நிக்குது? வெறுங்குடம் கையச் சுட்டுருச்சு. தண்ணிக் குடம் லேசா வெதுவெதுன்னுதான் இருக்கு. அம்புட்டுச் சூடும் எங்க போச்சு?”

நல்ல கேள்வி. ஒரே அளவு சூடேற, சம எடையுள்ள பித்தளையைவிட நீருக்குப் பத்து மடங்குக்கும் மேலான வெப்பம் தேவை. அதைத் தன்வெப்பம் என்கிறோம். வாங்கிய வெப்பம் நீருக்குள்ளேதான் இருக்கிறது, மெதுவாகத்தான் வெளியேறும். இதைச் சொல்லியிருக்கலாம். நண்பர் உடனிருந்ததால் வேறொன்றைச் சொன்னேன்.

“தண்ணிக்குத் தாகம். வெயிலக் குடிச்சிருச்சு.”

நண்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பின் ஆண்டுதோறும் அந்தப் பாடத்தை இந்தக் கதையோடுதான் தொடங்கினேன். ஒருமுறை வீட்டுக்கு வந்த மாணவர் இருவருக்கு அவள் மோர் கொண்டுவந்தாள். முற்றத்தில் இருந்த பித்தளைக் குடத்தைப் பார்த்த ஒருவன் மற்றவன் காதில் சொன்னான்:

“மாப்ள, வெயிலக் குடிச்ச குடம் அதுதான்டா.”

அவர்கள் போனதும் அவள் கேட்டாள்: “என்னைய வச்சுத்தான் பாடம் நடத்துறீகளா?”

“சிரிச்சாத்தான் பயலுக மறக்க மாட்டாய்ங்க.”

அவள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது. சோறு போடட்டுமா என்றுகூடப் பிறகு கேட்டதில்லை. இலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு மார்கழியில் காய்ச்சலில் விழுந்தாள். “எப்படியிருக்கு?” என்றேன்.

“கண்ணாடிக் குச்சிய வச்சுப் பாத்தீகள்ல, அதையே கேளுங்க.”

வெப்பமானி வெப்பநிலையைக் காட்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. தண்ணீராவது கேட்பாள் என்று கட்டிலருகே இரண்டு நாள் காத்திருந்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, கஞ்சி புகட்டிய சற்று நேரத்தில் மூச்சு நின்றது. செய்தி கேட்டு ஓடிவந்த அவள் தங்கை, அவள் கையைப் பற்றினாள்.

“மச்சான், கஞ்சிக் கிண்ணம்கூடச் சில்லுன்னு ஆயிருச்சு. அக்கா கை இன்னும் சூடாத்தான இருக்கு? உசிரு இருக்குமோ?”

“இல்ல. வெறும் வெண்கலக் கிண்ணம் சட்டுன்னு ஆறிரும். உடம்புல பாதிக்கு மேல தண்ணி. அது மெதுவாத்தான் ஆறும்.”

விடை சரியானது. மைத்துனி கையை விட்டுவிட்டாள்.