திருப்பித் தர வேண்டாத இரண்டு லட்சம்

நான் கட்டிய வீட்டை நானே வாங்குவதற்குக் கடன் கேட்டு பேங்க் வாசலில் நின்றேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். என் பெண்டாட்டி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

ஆலங்காயத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வாத்தியாருக்கு அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தேன். சமையலறை அலமாரி அரை இஞ்ச் சாய்ந்திருக்கும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சோம்பல். வாத்தியார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. இப்போது அவர் மகனோடு ஓசூருக்குப் போகிறார், வீட்டைப் பதினைந்து லட்சத்துக்குத் தருகிறேன் என்றார். அந்த வீட்டில் அஸ்திவாரம் எத்தனை அடி, கம்பி எவ்வளவு கனம், எந்த இடத்தில் பூச்சு மெலிசு என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் வாங்க ஆசைப்பட்டேன். பதினெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, வாடகைக்கு எடுத்த தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருக்கிறவனுக்கு வேறு என்ன ஆசை வரும்?

ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்தேன். மூன்று மாதம் கெடு. கெடு தாண்டினால் முன்பணமும் போச்சு, வீடும் அதே வீட்டுக்குக் காத்திருந்த ஒரு கோழிக்கடைக்காரருக்குப் போச்சு. அந்த மனுஷன் தினமும் அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தி, காம்பவுண்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு வயிறு எரியும்.

பேங்கில் கடன் பிரிவைப் பார்த்தவர் ஒரு மேடம். என் மகள் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருப்பார். விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க யார்கிட்ட வேலை பாக்கறீங்க?"

"என்கிட்டயேதான் மேடம்."

"சம்பளம் யார் தர்றாங்க?"

"நான்தான் அஞ்சு பேருக்குத் தர்றேன். எனக்குத் தர்றதுக்குத்தான் யாரும் இல்ல."

சம்பளச் சீட்டு இல்லாதவன் பேங்குக்குள் நுழைந்தால், கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்த மேடம் அப்படிப் பார்க்கவில்லை. வருமான வரி காட்டுங்கள் என்றார். நல்ல வேளை, ஒரு கான்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு மூன்று வருடமாக வாணியம்பாடி ஆடிட்டரிடம் வரிக் கணக்குத் தாக்கல் செய்து வந்தேன். அந்தக் காகிதத்தில் என்னைச் 'சுயதொழில் செய்பவர்' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெண்டாட்டியிடம் காட்டினேன். "அதுக்கு இன்னா இப்ப? ரேஷன் கடைக்குப் போய்ட்டு வா" என்றாள்.

பேங்க் பன்னிரண்டு லட்சம் தரும். மீதி மூன்று நம் கையிலிருந்து வர வேண்டும். முன்பணத்தையும் சேர்த்து என்னிடம் ஒரு லட்சம்தான் தேறியது. நான் பிறந்த மலையில் எங்கள் அப்பன் விட்டுப்போன சாமைக் காடு கொஞ்சம் உண்டு. மலை நிலம் என்றதும் மேடம் பேனாவை மூடிவிட்டார். அதை அடமானமாக எடுக்க மாட்டார்களாம்.

இரண்டு லட்சத்தைக் கொடுத்தது என் அக்கா. அதே மலையில், காவலூருக்கு மேலே வாழ்க்கைப்பட்டவள். ஐந்து புளியமரம், இரண்டு கறவை மாடு, ஒரே ஒரு பெண், வாயைத் திறக்காத ஒரு புருஷன், இதுதான் அவள் சொத்து. நான் கேட்கவே இல்லை. விஷயம் காதில் விழுந்ததும் இரண்டு மாட்டையும் விற்று, புளிக் குத்தகைப் பணத்தையும் மகளிர் குழுவில் சேர்த்ததையும் போட்டு, என் கணக்கில் கட்டிவிட்டு போன் பண்ணினாள்.

"துட்டு போட்டுட்டேன். வூட்ட முடிச்சிக்கோ. அந்தக் கோழிக்கடைக்காரன் தட்டினுகீறான்னு உன் பொண்டாட்டி சொல்லிச்சி."

எப்போது திருப்பித் தருவாய் என்று அவள் கேட்கவில்லை. இந்தத் தேதிக்குள் தருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. எங்களில் அதையெல்லாம் வாயால் பேச மாட்டார்கள். அவள் பெண் பெரியவளானால் தாய்மாமன் நான் சீர் செய்ய வேண்டும், கல்யாணத்துக்கு நான் முன்னால் நிற்க வேண்டும். கொடுத்தது ஏதோ ஒரு வழியில் திரும்பிப் போகும். எல்லாருக்கும் தெரிந்ததை எதற்குப் பேசுவது?

பேங்குக்குத் தெரியவில்லை. திடீரென்று இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்று மேடம் கேட்டார். கைமாற்றாக வாங்கியது என்றால் கடன் தொகையைக் குறைத்துவிடுவார்களாம். அன்பளிப்பு என்றால் சரியாம், ஆனால் கொடுத்தவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வாசகத்தை அவரே கொடுத்தார். ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கினேன். நான் அதைப் படித்துப் பார்க்கவில்லை. அக்காவுக்கும் படித்துக் காட்டவில்லை. அன்றைக்குச் செய்த முட்டாள்தனம் அதுதான்.

அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, மேடத்துக்கு ஒரு தூக்கு நிறையக் கொட்டை எடுத்த புளியோடு வந்தாள். லஞ்சம் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று எனக்கு உதறல். மேடம் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அம்மா, இந்தப் பணத்தை உங்க தம்பி திருப்பித் தரணுமா?"

"பின்ன? தராம எங்க போவான்?" என்றாள் அக்கா.

மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

"ஏண்டா காலை மிதிக்கிற?" என்று பேங்க் முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினாள். டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டுவிட்டது.

மேடம் பொறுமையாகக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அக்கா ஐந்தாவது வரை படித்தவள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இத்தொகையை நான் எக்காலத்திலும் திருப்பிக் கேட்க மாட்டேன். இது சம்பந்தமாக எனக்கும் என் வாரிசுகளுக்கும் அவரிடம் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை" என்று வந்ததும் விரல் நின்றுவிட்டது.

எங்கள் மலையில் இரண்டு குடும்பம் முறிந்து போனால் ஊர் கூடி இதைத்தான் சொல்லும். இனி கொடுக்கல் வாங்கல் இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் சாவுக்குக்கூடப் போக மாட்டார்கள். அந்தச் சொல்லை நானே ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து அடித்து, கூடப் பிறந்தவள் முன்னால் வைத்திருக்கிறேன்.

"என் பொண்ணையும் சேத்து எழுதிக்கினு வந்துகீறியா?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு மேடத்தைப் பார்த்து, "இதுல கையெழுத்து போட மாட்டேங்க. இதுல போட்டா இவன் எனக்குத் தம்பி இல்லன்னு ஆயிடும்" என்றாள்.

"அம்மா, இது பணத்துக்கு மட்டும்தான்."

"துட்டு வேற, தம்பி வேறயாங்க?"

மேடம் காகிதத்தை எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதே ஆரம்பித்தேன். ஒரு கையெழுத்துக்கு இத்தனை நாடகமா, கெடுவுக்கு இன்னும் இருபது நாள்தான், ஐம்பதாயிரம் உன் தாத்தாவா தருவார் என்று கத்தினேன். அவள் தாத்தாதான் என் தாத்தா என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கடைசியில், "உன் துட்ட நீயே எடுத்துக்கினு போ, நீயும் வேணாம், உன் துட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் காவலூர் பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்க ஜன்னலில் போய் உட்கார்ந்தாள். புளித் தூக்கு என் கையிலேயே இருந்தது.

பெண்டாட்டி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தப் புளியில் குழம்பு மட்டும் வைத்தாள். எட்டாம் நாள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "வூடு போனா போவுது. அண்ணிய வுட்டுடாத. போய்ட்டு வா."

வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அக்கா வாசலில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தொழுவம் காலியாகக் கிடந்தது. மாடு இரண்டும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிரில் உட்கார்ந்து நானும் புளி உடைத்தேன். நான் எடுத்ததில் பாதி கொட்டை சதையோடே போனது. அவள் அதை மறுபடி பொறுக்கி எடுத்தாள்.

"அக்கா, வாய் நீண்டுபோச்சி. மனசுல வெச்சிக்காத" என்றேன்.

"உன் வாய் எனக்குத் தெரியாதா" என்றாள். இன்னொரு கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, "நான் இருக்கற வரைக்கும் ஒண்ணும் இல்லடா. நாளைக்கு நான் போய்ட்டேன்னு வெச்சிக்கோ. அந்தக் காயிதத்த எவனாவது எடுத்துக் காட்டி, உங்கம்மாவே எழுதிக் குடுத்துட்டா, உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்லன்னு என் பொண்ண வாசல்லயே நிறுத்திட்டா?" என்றாள்.

இப்படி ஒரு பயம் அவளுக்குள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெறும் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சுவர் கட்டத் தெரியும், சென்டரிங் அடிக்கத் தெரியும், கூடப் பிறந்தவள் மனது தெரியவில்லை.

"வேணாம்க்கா. வூடு வேணாம். துட்ட அனுப்பிச்சிடறேன், மாட்ட வாங்கிக்கோ" என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன். பதினெட்டு வருடத்து ஆசையை விட்டுவிட்டேன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது, அதை மறைக்கவும் முடியவில்லை.

அவள் முறத்தைத் தட்டிக் கீழே வைத்தாள். "நாளைக்கு பேங்க் எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?"

"பத்து மணிக்கு. இன்னாத்துக்கு?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். மேடம் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். "வேணாங்க. திரும்ப வேணாம்" என்றாள் அக்கா. மேடம் இரண்டாவது முறை உறுதிப்படுத்திக் கேட்டார். "அதான் சொல்றேன்ல, வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேர் எழுதி முடிக்கிற வரை என் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. எழுதியதும் பேனாவை மேடத்திடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பேங்க் இன்ஜினியர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, "கட்டுமானம் தரமா இருக்கு, யார் கட்டினது?" என்றார். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அலமாரியை மட்டும் என் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் பத்திரம் பதிவானது. கோழிக்கடைக்காரர் பேச்சை நிறுத்திக்கொண்டார், கோழி விலையையும் எனக்கு மட்டும் ஏற்றிவிட்டார்.

புதுமனை புகுவிழா அன்று வாசலில் ஒரு மேசை போட்டு, சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் மொய் எழுத உட்கார்ந்தார். நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு நிமிர்வதற்குள் அக்கா எதிரில் வந்து நின்றாள். முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் எடுத்து வைத்தாள்.

"நீ வூட்டு ஆளு. உனுக்கு இன்னாத்துக்கு மொய்யி? அதான் அவ்ளோ செஞ்சிட்டியே" என்றார் பெரியவர்.

"அது வேற. இத எழுதுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் பேரைப் போட்டு, "நூத்தியொண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "என் பொண்ணு பேரையும் பக்கத்துல போடுங்க" என்றாள். போட்டார். மை காய்கிற வரை அவள் மேசையை விட்டு நகரவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நோட்டுப் பக்கம் குனிந்து ஒரு தடவை விரல் வைத்துப் படித்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேங்கில் பார்க்காத முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள்.

"இப்ப நீ எனக்குத் தரணும் இல்ல?"

"தரணும்க்கா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.