மூன்றாம் பக்கத்தைத் திருப்புகிற ஆல்ட்யே

கொத்தனார் ரூல்ஃபுக்கு ஆல்ட்யே மீது பல வருடக் கோபம். நெதர்லாந்தின் குரோனிங்கன் ஊரில், கால்வாய்க்கரையில் பியானோ இசைத்தாள் விற்கிறவள் அவள். கடை நிறைய ஆள் நின்ற ஒரு சனிக்கிழமை, வாங்க வந்த ரூல்ஃபின் கையிலிருந்த தாளைப் பிடுங்கி அலமாரியில் திருப்பி வைத்துவிட்டாள்.

அவன் கேட்டது ஒரு நாக்டர்ன். இரவுக்கென்றே எழுதிய இசை. வேலையிடத்து ரேடியோவில் அதைக் கேட்டவன், கொத்துக்கரண்டியைப் போட்டுவிட்டுச் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நாற்பது வயதில் பியானோ பழக ஆரம்பித்த ஆள். கடைப் பியானோவில் முதல் பக்கத்தை ஒழுங்காகவே வாசித்தும் காட்டினான்.

"நல்லாயிருக்கு கொத்தனாரே. முதல் பக்கம் எல்லாருக்கும் வரும். எழுதுனவன் வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னுதான் கூப்பிடுவான். உள்ள என்ன வச்சிருக்கான்னு பாப்போம்" என்று மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். கருப்பாக எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. முதல் வரியிலேயே விழுந்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"காசு என்னோடது, உங்களுக்கென்ன?"

"காசு உங்களோடது, சரி. இதுல தொலையப்போற ஒரு வருஷம் யாரோடது? வரிக்கு ஒரு இடம் தடுக்குனா பழகிரும். அடிக்கு அடி தடுக்குனா பியானோ மேல பூந்தொட்டிதான் வைப்பீங்க."

ரெண்டே பக்கத்தில் ஒரு வால்ட்ஸை, சுழன்றாடுகிற நடன இசையை, நீட்டினாள்.

"இது சின்னப் பசங்க வாசிக்கிறது."

"அவங்க நாசம் பண்றது. நீங்களாவது பண்ணாம பாருங்க."

கடுகடுவென்று வாங்கிப்போனான். சில வாரத்தில் அது முழுசாகக் கைக்கு வந்தது. சமையலறையில் குழாயை மூடிவிட்டு அவன் மனைவி ஃபென்னா எட்டிப் பார்த்தாள். "அட, இதுக்கெல்லாம் முடிவுன்னு ஒண்ணு இருக்கா! நீ எதையும் முடிச்சு நான் கேட்டதே இல்லையே."

அதன்பிறகு அவன் வேறு கடை ஏறவில்லை. அவன் கைக்கு ஒரு பிடி மேலே ஒன்றை ஆல்ட்யே கொடுப்பாள். அதோடு மல்லுக்கட்டிக் களைத்து வந்தால், சும்மா வாசித்துச் சந்தோஷப்பட லேசாக ஒன்று. டாக்டர் வந்தாலும் தபால்காரர் வந்தாலும் அதே மூன்றாம் பக்கம்தான். அந்த ஊரில் பாதிப் பியானோ மூடிக்கிடக்காததற்குக் காரணம் அவள்தான் என்று ரூல்ஃப் எல்லாரிடமும் சொல்வான். நாக்டர்னை மட்டும் அவள் தரவே இல்லை. கோபம் அப்படியே இருந்தது.

போன வசந்தத்தில் ஆல்ட்யேவுக்கு வாதம் அடித்தது. வாய் கோணியது, இடது கை பாதிதான் திரும்பியது. ரூல்ஃப் பார்க்கப் போனபோது அவள் வீட்டுப் பியானோ மேல் அந்த நாக்டர்ன் விரிந்திருந்தது. முதல் பக்கத்தை மெதுவாக வாசித்துக் காட்டினாள். கண்ணெல்லாம் பளபளத்தது.

"வருது பாத்தீங்களா? இதையே எடுத்துக்கலாம்ல?"

அருமை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான்.

அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாசித்தாள். அடிக்கு அடி இடது கை செங்கல்லாக விழுந்தது. அவன் தாளை எடுத்து மூடினான்.

"வேணாம்க்கா."

அவள் ஆறிப்போன காப்பியை ஒரு மிடறு குடித்தாள். அப்புறம் கோணிய வாயோடு சிரித்தாள். "பிடுங்குறதுக்கு இத்தனை வருஷம் காத்திருந்தீங்களாக்கும்?"

அவன் கிளம்பும்போது அவள் கேட்டது இதுதான்: "அது இப்ப உங்க கைக்கு வரும், எடுத்துட்டுப் போங்க. அப்படியே என் கடைக்குப் போயி, இந்தக் கைக்கு ஏத்த மாதிரி எனக்கு ஒண்ணு பாத்துக் கொண்டாங்க. முடிச்சு வாசிக்கணும். முதல் பக்கத்தைப் பாத்து எடுத்துறாதீங்க, கொத்தனாரே."