காலிக் கொட்டகைக்குக் காவல்

காலியாகக் கிடக்கும் சைக்கிள் கொட்டகைக்குக் காவலாள் எதற்கு? அன்று என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. பிரின்சிபால் கேட்டது கவுஸ் பாஷாவை.

தருமபுரிக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் சைக்கிள் கொட்டகை பாஷாவின் பொறுப்பு. எண்பத்து மூன்றில் மாணவர்கள் பெருகினார்கள், கொட்டகை பெருகவில்லை. வளாகத்துக்குள் கொட்டகையை விட்டு ஒரு சைக்கிள் வெளியே தெரிந்தாலும் வேலை போய்விடும் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். பாஷா ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பாரைக் கோத்து வாசல்வரை அடைத்தார். ஈ நுழைய இடமில்லை. ஆனால் முதலில் வந்தவன் வண்டி உள்கோடியில் மாட்டிக்கொள்ளும். மற்றவர்கள் எல்லாரும் எடுத்த பிறகுதான் அவன் வீடு போக முடியும்.

பையன்கள் உஷாரானார்கள். காலையில் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் சைக்கிளோடு நின்றார்கள்.

"நீ முதல்ல போடா சவரி."

"ஏன், உங்க வூட்ல விருந்தா? நான் இண்டூர் வரைக்கும் மிதிக்கணும். நீ போ."

மணி அடித்தது. ஒருவனும் அசையவில்லை. கடைசியில் வண்டிகளை மரத்தடியிலேயே பூட்டிவிட்டு வகுப்புக்கு நடந்தார்கள். தினமும் இதே கதை. அப்போதுதான் பிரின்சிபால் கொட்டகையை எட்டிப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"திங்கக்கிழமையும் காலியா இருந்தா, நீங்க வர வேண்டாம் பாய்."

பாஷா தன் மச்சினன் ஜமீரிடம் ஓடினார். ஜமீர் பஸ் நிலையத்தருகே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான்.

"உன் வண்டிங்கள உள்கோடியில நிறுத்திட்டா, பசங்க வண்டி வாசலாண்ட நிக்கும். பயமில்லாம வருவானுங்க. ஒரு நாளைக்குக் குடு ஜமீரு."

"ஒரே நாளுதான் மச்சான்."

பாஷாவின் கை கோக்கத் தொடங்கினால் நிற்காது. ஜமீரின் வண்டிகளாலேயே கொட்டகை வாசல்வரை நிரம்பிவிட்டது. பையன்கள் வந்து பார்த்துவிட்டு, நிம்மதியாகப் புளியமரத்துக்கே திரும்பினார்கள்.

பிரின்சிபால் வந்தார். முகம் மலர்ந்தது.

"இதான் ஒழுங்கு. இப்படியே இருக்கணும். ஒரு வண்டி குறைஞ்சாலும் உங்களத்தான் கேப்பேன்."

சாயங்காலம் ஜமீர் வந்தான். "மச்சான், என் கடையக் குடுங்க."

"ஒண்ணு எடுத்தாலும் என் சோறு போயிடும்பா. உங்க அக்காவ நினைச்சுப் பாரு."

அக்கா என்றதும் ஜமீர் வெறுங்கையோடு திரும்பினான். பாஷாவின் வேலை நிலைத்தது. ஜமீரின் கடையில் காற்றடிக்கும் பம்பு மட்டும் மிஞ்சியது.

தருமபுரியில் வாடகை சைக்கிள் கிடைக்காமல் நடந்து போகிற யாரையாவது பார்த்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். ஜமீரைத் திட்டாமல் போவார்.