ஒரே ஒரு பாயின்ட்

எங்கள் மனையில் முதலில் ஆடியது பேட்மின்டன்தான். கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, அப்பா வாங்கிப்போட்டு வீடு கட்டாமலே விட்ட மனை அது. எனக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னதும், நானும் தம்பியும் அதில் சிமென்ட் தளம் போட்டு வலை கட்டினோம். தூத்துக்குடியில் திறந்தவெளியில் பேட்மின்டன் ஆடலாம் என்று கண்டுபிடித்த புத்திசாலி நான். ஆனி பிறந்து கச்சான் காற்று கிளம்பியது. நாங்கள் அடித்த இறகுப்பந்தெல்லாம் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வீட்டு அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வாரம் ஒரு தடவை மாடியைப் பெருக்கி, பந்துகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். "ஒங்க கோழி எல்லாம் எங்க மாடியிலதான் அடையுது அண்ணாச்சி" என்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயின்ட் கடைக்காரன் என்பதால் நான் அவருக்கும் அண்ணாச்சிதான்.

பிக்கில்பாலைக் கொண்டுவந்தது மருந்துக்கடைக்காரர். சென்னையில் இருக்கும் மைத்துனன் பழக்கிவிட்டானாம். மரப்பலகை போல ஒரு மட்டை, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. அறுபது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஏதோ ஒரு தீவில், விடுமுறையில் பிள்ளைகள் பொழுது போகாமல் நச்சரிக்க, பெரியவர்கள் இறகுப்பந்தைத் தேடிக் கிடைக்காமல், கையில் அகப்பட்ட ஓட்டைப் பந்தையும் மேஜைப்பந்து மட்டையையும் வைத்து ஒப்பேற்றிய ஆட்டமாம். எங்களுக்கும் இறகுப்பந்து காணாமல் போகிறதுதானே கஷ்டம்! இந்தப் பந்து காற்றுக்கு அவ்வளவாக அசையவில்லை. ஓட வேண்டியதும் கொஞ்சம்தான். தொப்பை வைத்தவனும் முட்டி தேய்ந்தவனும் ஆடலாம். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம்? ஆறு மாதத்தில் காலையில் எங்கள் செட், சாயங்காலம் பெண்கள் செட் என்று ஆனது. கல்யாண மண்டபக்காரர் ஒருவர் கார் நிறுத்தும் இடத்தில் கோடு போட்டார். கப்பல் ஏஜென்சியில் வேலை பார்ப்பவர்கள் துறைமுகக் குவார்ட்டர்ஸ் பக்கம் தனியாக ஒன்று ஆரம்பித்தார்கள்.

அக்கா வீட்டு மாடிக்கு அதற்கப்புறம் எதுவும் போகவில்லை. சத்தம் மட்டும் போனது. அந்தப் பந்து மட்டையில் படும்போது டொக் என்று ஒரு சத்தம் வரும். ஆடுகிறவனுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் இனிக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் சங்கு குளித்தவர். நெஞ்சில் சீக்கு வந்து, மனையை ஒட்டிய ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தார். எங்கள் ஆட்டத்துக்கு அம்பயர் அவர்தான். பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று நாங்கள் அடித்துக்கொள்ளும்போது, ஜன்னலிலிருந்து "கோட்டுல பட்டுச்சிலே, ஏமாத்தாத!" என்று குரல் வரும். அப்பீல் கிடையாது. கொஞ்ச நாளில் அந்தக் குரல் தேய்ந்தது. அப்புறம் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக் கிடந்த மனிதருக்கு, ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல மூச்சு போதவில்லை. கடைசியில் கையும் வரவில்லை. ஜன்னல் மட்டும் திறந்தே இருந்தது.

அன்றைக்குக் காலை ஏழு மணி இருக்கும். நானும் தம்பியும் ஒரு பக்கம், மருந்துக்கடைக்காரரும் சென்னையிலிருந்து வந்திருந்த அவர் மைத்துனனும் எதிரே. ஒரு வாரமாக எங்களைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். அன்று நாங்கள் பத்து, அவர்கள் எட்டு. பதினொன்று எடுத்தால் ஜெயித்தோம். சர்வீஸும் எங்கள் கையில். அப்போதுதான் அக்கா கேட் பக்கம் வந்து நின்றார். முந்தானையை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்துதீயளா? அவரு என்னமோ சொல்ல வாராரு. ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."

"ஒரே ஒரு பாயின்ட்டுக்கா, முடிச்சிருதோம்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நம்பிப் போனார்.

தம்பி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "நிறுத்திருவோமாண்ணே?"

"ஏலே, சும்மா சர்வீஸப் போடு."

இந்த ஆட்டத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயின்ட். பதினொன்று எடுத்தாலும் இரண்டு பாயின்ட் முந்தியிருக்க வேண்டும். தம்பி போட்ட சர்வீஸ் வலையில் விழுந்தது. அடுத்து என் முறைக்கு வந்த சர்வீஸையும் கோட்டைவிட்டேன். அவர்கள் பத்துக்கு வந்தார்கள். நாங்கள் பதினொன்று, அவர்கள் பதினொன்று, நாங்கள் பன்னிரண்டு என்று இழுத்தது. ஒரு பந்து கோட்டில் பட்டதா என்று நின்று சண்டை வேறு போட்டோம். அம்பயர் இல்லாததால் சண்டை நீண்டது. அந்த ஒரு பாயின்ட் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பதினைந்துக்குப் பதின்மூன்று. ஜெயித்தோம். நான் மட்டையைத் தூக்கிக் கத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வலைக்கு மேல் கை கொடுத்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

அடக்கத்துக்குப் போனேன், மாலை வாங்கிப் போட்டேன், பந்தலுக்கு நாற்காலி ஏற்பாடு செய்தேன். செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஒரு மாதம் மனையைப் பூட்டி வைத்துவிட்டு, மறுபடியும் ஆட ஆரம்பித்தோம். ஒரு நாள் நான் பிந்திப் போய், அக்கா வீட்டுச் சுவரோரம் பைக்கை நிறுத்தினேன். உள்ளே மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டொக், டொக், டொக். அந்தச் சத்தத்தில் என் பைக் எஞ்சின் அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் இந்தச் சத்தத்துக்காக அக்கம்பக்கத்தார் கேஸ் போடுகிறார்கள் என்று முன்பே போனில் படித்து, வேலையற்றவர்கள் என்று சிரித்தவன் நான். அன்றோடு நான் ஆடுவதை விட்டேன். மற்றவர்களை நிறுத்தச் சொல்லி வாய் வரவில்லை. மனை இருவருக்கும் பொது, தம்பிக்கு அந்த ஆட்டத்தின் மேல் உயிர். இப்போது அங்கே இரண்டாவது கோர்ட்டும் போட்டாயிற்று.

போன நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், அக்கா கடைக்கு வந்தார். கல்லறைக்கு அடிக்க வெள்ளை பெயின்ட் வேண்டும் என்றார். நானே எடுத்துக் கொடுத்தேன். பிரஷ் பார்த்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே பேசினார்.

"அன்னைக்கி அவரு வாய் அசைஞ்சிச்சி அண்ணாச்சி. காதைக் கொண்டுபோயி வாயோட வச்சேன். ஒங்க பந்துதான் கேட்டிச்சி. என்ன சொன்னாருன்னு இன்னைக்கி வரைக்கும் தெரியல."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"ஒங்க ஆட்டத்துல யாரு ஜெயிச்சான்னு தெனமும் என்னையத்தான் பாத்துட்டு வரச் சொல்லுவாரு. அன்னைக்கும் அதத்தான் கேட்டாரோ என்னமோ. நாளைக்கி கல்லறையில சொல்லலாம்னு பாக்கேன். ஜெயிச்சீயளா அண்ணாச்சி?"

குத்திக் கேட்கவில்லை. அந்த முகத்தில் அப்படி எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தோத்துட்டோம்க்கா" என்றேன்.

"அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு, பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.