பூச்சு பூசாத கோயில்

ஜெர்மனிக்கு வந்த புதிதில், நான் வேலை பார்க்கும் தேவாலயத்தின் சுவரைக் கழுவப் போய்த் திட்டு வாங்கினேன். மழைநீர் வடிந்து சுவரெல்லாம் கறுப்புக் கோடு. தேவாலயத்தையும் கோயில் என்றே சொல்லி, திருவிழாவுக்கு முந்தின வாரம் அதைத் தேய்த்துக் கழுவும் ஊரில் பிறந்தவள் நான். வாளியும் பிரஷ்ஷுமாக இறங்கிவிட்டேன். கோயில் சாவி வைத்திருக்கும் கிழவி "நைன், நைன்", வேண்டாம் வேண்டாம் என்று கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அழுக்குதானே?" என்றேன். "வயது" என்றாள். தன் வயதைச் சொல்கிறாளாக்கும் என்று, "பார்த்தால் தெரியவில்லை" என்றேன். அவள் சொன்னது சுவரின் வயதை என்பதும், பாதுகாக்கப்பட்ட கட்டடமான அதன் கறையைத் தொடவே அரசாங்க அனுமதி வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பூச்சே இல்லாத கான்கிரீட் கோயில் அது. மடித்த காகிதம் போலக் கூரை. வார்க்கும்போது அடித்த பலகைகளின் ரேகைகூடச் சுவரில் அப்படியே இருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிய இடத்தை மட்டும் கொத்தி, பழைய நிறத்திலேயே கலவை வைத்து மூடுவது என் வேலை. ஞாயிறு பூசைக்கு ஒரு பெஞ்சு நிறைந்தால் பெரிய விஷயம். ஆனால் கட்டடத்தின் மேல் யாரும் கை வைத்துவிட முடியாது.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊரிலும் அதே மாதிரி ஒரு கோயில் இருந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுச் சாமியார் வரைந்து கொடுத்ததாம். சாரல் காலத்தை மனதில் வைத்து, கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே கான்கிரீட் வாய் வழியாகக் கொட்டும்படி செய்திருந்தார். வீட்டில் குற்றாலத்துக்கு விடாத நாட்களில் நாங்கள் அதில் தலையைக் காட்டிவிட்டு, ஈரத்தோடு ஞானோபதேச வகுப்புக்குப் போய் அடி வாங்குவோம். பெரியவர்களுக்கோ அந்தக் கோயில் தீராத மானக்கேடு. இலத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவரும் சரி, பாவூர்சத்திரம் சந்தையில் பார்க்கிறவரும் சரி, ஒரே கேள்விதான்: "என்ன அண்ணாச்சி, ஒங்க கோயிலுக்கு இன்னுமா பூச்சு பூசல?"

போன வருஷம், பங்குப் பேரவையில் இருக்கும் என் தம்பி போன் செய்தான்.

"யக்கா, கோயில இடிக்கப் போறோம். பூசை நேரத்துல கூரைல இருந்து ஒரு துண்டு பேந்து விழுந்துட்டு."

"இடிக்காதீங்கலே. கம்பி துருதான் அது, சரி பண்ணிரலாம். அந்த வேலையத்தான் நான் இங்கன பண்ணுதேன்."

"நீ அங்கன இருந்துக்கிட்டு சொல்லுத. நாளைக்கி யார் தலைலயாவது விழுந்தா யாரு பதில் சொல்லுவா, நீயா?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனாலும் விடவில்லை. எங்கே தட்ட வேண்டும், எப்படி மூட வேண்டும் என்று விளக்கமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். சாரத்தில் நின்று சுவரோடு ஒரு படமும் எடுத்து அனுப்பினேன். இதே மாதிரிக் கோயிலை இங்கே எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்றுதான்.

மறுவாரம் தம்பி குதூகலமாகப் பேசினான். "ஒம் படத்தக் கூட்டத்துல காட்டுனோம்க்கா. எல்லாருக்கும் புடிச்சிப் போச்சு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒம் பக்கத்துச் செவுரு இன்னும் பூசல போல. அத விடு. ஒனக்குப் பின்னால தூரத்துல ரெண்டு ஊசிக் கோபுரம் தெரியுதுல்லா, அந்தக் கோயில்தான். அதையே பெருசு பண்ணி இன்ஜினியர்ட்ட குடுத்தாச்சு. ஒன்னாலதாம்க்கா மாடல் கெடச்சுது. பங்குச் சாமி ஒன்னயப் பூசைல பேரு சொல்லி ஜெபிச்சாவ."

யாரைக் கோபிப்பது? அழுதால்கூட அவனுக்குப் புரியாது.

இந்த வருஷம் சாரலுக்கு முன்னால் இடித்துவிட்டார்கள். தம்பி அனுப்பிய வீடியோவைச் சாரத்தின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் கொட்டும் அந்த வாய் தரையில் மல்லாந்து கிடந்தது. முதல் மழை அதில் தேங்கியிருந்தது. கீழே நின்ற கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டாள்.

"இல்லை. புதுக் கோயில் கட்டுகிறார்கள்."

"எவ்வளவு நல்ல செய்தி!" என்று எட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அவள் போனதும் சுத்தியலை எடுத்தேன். இது கைக்கு எட்டுகிற சுவர்; ஊரில் இல்லாமல் போனதும் இதே மாதிரிச் சுவர்தான். தூரத்தில், நான் ஒரு நாளும் உள்ளே போயிராத அந்த இரட்டைக் கோபுரம் என் ஊருக்குப் புறப்பட்டு நிற்கிறது.