கூண்டு திறக்கும் முன்

"இறங்கு. இறங்குடா. இறங்கித் தொலையேன்!"

மாடியிலிருந்து வரும் இந்தக் கூச்சல் குதிரைக்கு அல்ல, எண்ணுக்கு. நெவில் கார்சைட் கணினித் திரையில் ஒரு குதிரையின் விலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கீழே சமையலறையில் அவர் மனைவி லொரெய்ன் உருளைக்கிழங்கு சீவியபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் எண்ணைத் திட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவளுக்கு நிம்மதிதான்.

நெவில் இங்கிலாந்தின் டான்காஸ்டர் ஊரில் ரயில்வே சிக்னல் பார்த்தவர். வேலை போன பிறகு மாடியின் பின்னறையில் இரண்டு திரைகளைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பந்தயம் கட்டுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே பேரம் பேசிக்கொள்ளும் இணையச் சந்தை ஒன்று இருக்கிறது. அதில் பந்தயம் தொடங்கும்வரை ஒவ்வொரு குதிரையின் விலையும் தக்காளி விலை மாதிரி ஏறி இறங்கும். ஒன்றுக்கு ஐந்து என்று ஒரு குதிரையின்மேல் கட்டுவார்; விலை நாலரைக்கு இறங்கியதும் அதை இன்னொருவன் தலையில் கட்டிவிடுவார். அப்புறம் எந்தக் குதிரை வந்தாலும் அவருக்குச் சில்லறை லாபம். விலை ஏறிவிட்டால் சில்லறை நஷ்டத்தோடு கழன்றுகொள்ள வேண்டியதுதான். எப்படியானாலும் கூண்டு திறந்து குதிரைகள் பாய்வதற்குள் கணக்கு தீர்ந்திருக்க வேண்டும். பந்தயம் ஓடும்போது கையில் குதிரையை வைத்திருப்பவன் வியாபாரி இல்லை, சூதாடி.

அப்படிப் பிரித்துச் சொன்னது நெவில். அதைப் பிடித்துக்கொண்டது லொரெய்ன். அவளுடைய அப்பா குதிரையில் விட்டது வீடு வாசல் மட்டுமல்ல, அவளுடைய அம்மாவின் தூக்கத்தையும்தான். ஊரே பணம் கட்டும் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தய நாளில் ஆபீசில் குலுக்கல் சீட்டு எடுக்கக்கூட மறுத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக நெவிலைக் கட்டிக்கொண்டவள் அவள். திரைகள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "ஒரு பந்தயம், ஒரே ஒரு பந்தயம் நீ கணக்க முடிக்காம ஓட விட்டேன்னு தெரிஞ்சுது, அடுத்த பஸ்ல ஹல்லுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வராதே."

"நான் குதிரையவே பாக்குறதில்ல கண்ணு" என்றார் நெவில். பொய் இல்லை. பந்தய மைதானம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. செப்டம்பரில் பெரிய பந்தயத்துக்காகத் தொப்பிப் பெண்களும் குடித்த ஆண்களுமாகத் தெரு நிரம்பும்போது சன்னல் திரையை இழுத்துவிட்டுத் திட்டுவார். பந்தயம் தொடங்கிய நொடியே திரையை மாற்றிவிடுவார். எது ஜெயித்தது என்று அவருக்கே தெரியாது. பக்கத்து வீட்டு பாராக்ளஃப் வேலிமேல் சாய்ந்து, "என்ன நெவில், இன்னிக்கு எது வரும்?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"எது வந்தா எனக்கென்னய்யா? காய்கறிக் கடைக்காரன்கிட்ட போயி எந்த உருளைக்கிழங்கு நல்லா ஓடும்னு கேப்பியா?"

அவருக்குத் தெரிந்தது விலையின் போக்கைக் கோடுகளாகக் காட்டும் இண்டிகேட்டர். நீலக் கோடு சிவப்புக் கோட்டை வெட்டினால் ஒரு அர்த்தம். வெட்டாமல் உரசிவிட்டுப் போனால் வேறு அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலே, வரிசையில் நிற்கும் பணம். ஒரு குதிரையின்மேல் கட்டக் காத்திருக்கும் பணம் மலைபோல் குவிந்தால் விலை இறங்கும் என்பது கணக்கு. கணக்கெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் குவியலில் பாதி பொய். எவனோ ஒருவன் பெரிய தொகையைக் காட்டி, இவரைப்போல் நாலு பேர் பின்னால் ஓடிவந்ததும் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த முகம் தெரியாதவனுக்கு நெவில் வைத்திருக்கும் பெயர் லங்காஷயர்க்காரன். பக்கத்து மாவட்டத்தோடு தலைமுறைப் பகை உள்ள யார்க்ஷயரில் பிறந்தவருக்கு அதைவிடப் பெரிய வசவு வாயில் வராது.

இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு எரிச்சல் மூட்டுவது லங்காஷயர்க்காரன் அல்ல. இந்தக் கோடுகள்தான். பாமர சூதாடிக்குத் தான் சூதாடுவது தெரியும்; சாயங்காலம் வெறுங்கையோடு வந்து அழுவான். கோடு போட்ட சூதாடிக்கு அந்த வெட்கமும் கிடையாது. கோட்டைக் காட்டிப் பேசுகிறவனிடம் பெண்டாட்டி என்ன பேசுவாள்?

போன சனிக்கிழமை லொரெய்ன் தேநீர் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நெவில் ஊறுகாய் வெங்காயத்தைக் கடித்தபடி திரையை முறைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க வினிகர் நெடி. ஐந்துக்கு வாங்கியிருந்தார். குவியல் பெரிதாக நின்றது. அவள் கோப்பையை வைப்பதற்குள் குவியல் காணாமல் போய், விலை ஆறுக்குத் தாவியது.

"லங்காஷயர் நாயே!"

"வெளிய வந்துடு நெவில்" என்றாள். பார்த்துப் பார்த்து அவளுக்கும் தெரிந்துபோன விஷயம் இது.

"திரும்பும். நீலக் கோட்டப் பாரு, வளையுது."

"விலை ஏழு ஆயிடுச்சு."

"ஒரு குதிரை கூண்டுக்குள்ள போக மாட்டேன்னு முரண்டு புடிக்குது, பின்னாடி நாலு பேர் தள்ளுறாங்க. இன்னும் நேரம் இருக்கு. பின்னாடி நிக்காத, போ."

அவள் இறங்கி வந்துவிட்டாள். நின்றிருக்க வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தோன்றலாம். நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

கீழே வந்து கத்தியை எடுத்தாள். மேலே திட்டுச் சத்தம் இல்லை. நாற்காலி கிரீச்சிடும் ஓசை. பிறகு அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டிராத சத்தம்: மூச்சுவிடாமல் குதிரைப் பெயர்களை அடுக்கும் அறிவிப்பாளனின் குரல். நெவில் ஒலியைத் திறந்துவிட்டிருந்தார். அந்தக் குரலுக்கு மேலாகப் புருஷனின் குரல் எழுந்தது.

"வா கெட்டில்! வாடா தங்கம்! சில்வர் கெட்டில்!"

லொரெய்ன் கத்தியைக் கீழே வைத்தாள். புருஷன் வாயில் ஒரு குதிரையின் பெயர். தோற்றுப் போ, தோற்றுப் போ என்று அந்த மிருகத்தைச் சபித்தாள். பார்த்தறியாத குதிரையை அப்படிச் சபிக்க அவளுக்குக் கூச்சமாக இல்லை. மேலே கூரை அதிர ஒரு கத்தல் கேட்டது. ஜெயித்துவிட்டது.

படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார் நெவில். முகம் சிவந்து, பத்து வயது குறைந்திருந்தது.

"முன்னாடியே முடிச்சியா?" என்று கேட்டாள்.

"மொதல்ல கேளு கண்ணு..."

"முடிச்சியா இல்லியா?"

"கோடு சொல்லுச்சு, திரும்பும்னு. திரும்புச்சா இல்லியா? பந்தயம் ஓடும்போது திரும்புச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்!"

"தோத்திருந்தா நல்லாத் திட்டிட்டு, சோறு போட்டிருப்பேன்" என்றாள் லொரெய்ன். குரல் உயரவில்லை. "ஜெயிச்சுத் தொலைச்சிட்டியே. இனிமே உன்ன யாரு தடுக்கிறது?"

"என்னடி நீ, ஜெயிச்சதுக்குப் போயி... இங்க பாரு, எப்படி வந்தான்னு பாரு!" சாப்பாட்டு மேசை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைப் பார்த்தபடி, குதிரையேறுவதுபோல் காலை அகட்டி உட்கார்ந்தார். "முன்னாடி ரெண்டு பேரு. நடுவுல இத்தனூண்டு சந்து. நம்ம ஆளு கடைசில. அப்போ மேல உக்காந்திருந்த அந்தப் பொடியன் சாட்டைய எடுத்தான் பாரு..."

லொரெய்ன் ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். கைப்பையை எடுத்து, உள்ளே பஸ் பாஸ் இருக்கிறதா என்று பார்த்தாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது; சுற்றிக்கொண்டு போனாள்.

"சந்துல நுழைஞ்சான் பாரு, ஒரே நுழை!"

வாசற்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நாற்காலியின் முன்கால்கள் தரையை விட்டு எழுந்து எழுந்து விழுந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெவில் கார்சைட் தன் தொடையில் தானே அடித்துக்கொண்டிருந்தார்.