காலி வாளியும் பயர் சாரும்

எங்கள் வீட்டுக் குழாயடியில் ஒரு சிவப்பு வாளி இருக்கிறது. ஒரு பக்கம் பெயின்ட் பொரிந்து கருகி, விளிம்பு நசுங்கியிருக்கும். அடுப்பில் வைத்த வாளியா என்று விருந்தாளிகள் கேட்பார்கள். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இளவயதில் நான் மனதார நம்பிய ஒரு முட்டாள்தனத்துக்கு அந்த வாளிதான் சாட்சி. வாளி எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறதோ அவ்வளவு சீக்கிரம் நெருப்பு அணையும் என்று நம்பியவன் நான். வாளிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில், கப்பலுக்குப் போகும் பஞ்சுப் பொதிகளும் தேங்காய் நார்க் கயிறும் அடுக்கிவைக்கும் ஒரு கிடங்கில் நான் தற்காலிக மேஸ்திரி. அந்தத் 'தற்காலிக' என்ற சொல்தான் என் தலைக்கு மேல் தொங்கிய கத்தி. திருவொற்றியூரில் எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். "வேலை நிரந்தரமாவட்டும், சொல்லி அனுப்புங்க, பந்தக்கால் நட்டுடலாம்" என்று பெண்ணின் அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். நிரந்தரமாக வேண்டுமானால் என் கோஷ்டி நெருப்பணைப்புப் பயிற்சியில் தேற வேண்டும். தேறிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் பயர் சார்.

பயர் சார் வேலூர்ப் பக்கத்துக்காரர். யுத்தத்தில் ராணுவ நெருப்பணைப்புப் படையில் இருந்து திரும்பியவர். காக்கி அரைக்கால் சட்டை, முறுக்காத மீசை, கூப்பிட்டால்கூடக் கேட்காத மெல்லிய குரல். எங்களை வரிசையாக நிற்கவைத்து, கொக்கியிலிருந்து வாளியை எடுப்பது, கைமாற்றுவது, முன்னால் நிற்பவன் வீசுவது, காலி வாளியை வேறு வரிசையில் திருப்பி அனுப்புவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். என் கோஷ்டியில் பாதிப்பேர் காசிமேட்டு மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். வலை இழுக்கிற ஐலசாவை வாளிக்கும் போட்டார்கள். ஐலசாவுக்கு ஒரு வாளி, ஐலசாவுக்கு ஒரு வாளி என்று பறந்தது. ஒரே ஒரு சங்கடம். பொதி நனைந்தால் நஷ்டம், தண்ணீரை உள்ளே கொட்டாதே என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் பழகியதெல்லாம் காலி வாளியில். அதிலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். காலி வாளி வேகமாகப் போகும், பார்க்கவும் ஷோக்காக இருக்கும். கொக்கியில் தொங்கிய வாளிகளில் எப்போதாவது நாங்கள் ஊற்றிவைக்கும் தண்ணீரும் மத்தியானத்துக்குள் கால் கழுவவும் வெற்றிலை எச்சில் கொப்பளிக்கவும் தீர்ந்துபோகும்.

பயிற்சியின் கடைசி நாள் பயர் சார் கேள்வி கேட்டார். எல்லோரும் பாடம் ஒப்பிப்பதுபோலப் பதில் சொன்னார்கள். நான் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இன்னைக்கு நல்லாத்தான் செஞ்சீங்க. நேத்துச் சொன்னது இன்னைக்கு ஞாபகம் இருக்கும். ஆடிக் காத்து அடிக்கட்டும், வந்து பாக்குறேன்" என்றார். என் கல்யாணம் ஆடிக் காற்றில் போய்த் தொங்கியது.

சொன்னபடியே ஆடியில் வந்தார். எங்களுக்குச் சொல்லாமல் வந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் பொதிமேல் படுத்து, கனவில் தாலி கட்டப் போகிற நேரம். மணி கணகணவென்று அடித்தது. கண் விழித்தால் முற்றத்தில் புகை. ஓர் இரும்புப் பீப்பாயில் கிழிந்த கோணிகளைப் போட்டு அவரே கொளுத்தியிருக்கிறார். எனக்கு அது தெரியுமா? கிடங்கே போச்சு, வேலை போச்சு, பெண்ணும் போச்சு என்று அலறிக்கொண்டு ஓடி, வரிசையின் முன்னால் நின்றேன். கோஷ்டி அற்புதமாக வேலை செய்தது. ஐலசா முழங்கியது, வாளிகள் பறந்து வந்தன. நான் ஒவ்வொன்றாக வாங்கி, பயிற்சியில் செய்தபடியே இடுப்பை வளைத்து வீசினேன். வீச வீச நெருப்பு ஓங்கி எரிந்தது.

எனக்குப் பின்னால் நின்ற காதர் பாய், கோஷ்டியிலேயே மூத்தவர், அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "இன்னா மேஸ்திரி, நெருப்புக்கு விசிறி வீசிகினு கீறே?"

எனக்கு இருந்த பதற்றத்தில் கையிலிருந்த வாளியையே பீப்பாய்க்குள் எறிந்துவிட்டேன். பயர் சார் ஈரச் சாக்கை எடுத்துப் பீப்பாயின் வாயை மூடினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மெல்லிய குரலுக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். "வரிசை சரி, கை மாத்துனது சரி, வீசுனதுகூட சரி. நான் சொல்லிக்குடுத்த எதையும் நீங்க மறக்கலை. நான்தான் தண்ணியைச் சொல்லிக்குடுக்கலை. இன்னைக்குப் பெயில் ஆனது நான்" என்றார்.

அன்றே மேனேஜரிடம் போய் நின்றார். உள்ளே வேண்டாம், முற்றத்திலாவது தண்ணீரோடு பழகட்டும் என்று பிடிவாதம் பிடித்து அனுமதி வாங்கினார். தண்ணீர் வாளி வேறு ஜாதி. கையை இழுக்கும், லுங்கியை நனைக்கும், பாதி வழியில் பாதி காணாமல் போகும். ஐலசா தானாகவே மெதுவாயிற்று. தொங்கும் வாளியில் கால் கழுவுபவனைக் கோஷ்டியே திட்டியது. இனிமேல் தேறிவிடுவோம் என்று நான் நினைத்தால், "திரும்பி வருவேன், எப்பன்னு சொல்ல மாட்டேன்" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் மனுஷனாக இல்லை. பீடிப் புகை கண்டாலும் வாளி வாளி என்று கத்துவேன். ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போட வந்த பெரியவரையே குளிப்பாட்டிவிட்டோம். தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, "தம்பி, நம்மகிட்ட நெருப்பு கம்மி, புகைதான் ஜாஸ்தி" என்று அவர் சிரித்தார். காதர் பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாசி மத்தியானம், கிடங்குக்குள் கயிற்றுக் குவியலில் தீப் பிடித்தது. எனக்கோ ஒரே குஷி. சார் வந்துவிட்டார், கயிற்றுக்கே வைத்துவிட்டாரே, கில்லாடி! எங்கோ பொதிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று, விறைப்பாக நின்று, முகத்தில் சிரிப்பு மாறாமல் தண்ணீரை வீசினேன். எனக்கு அடுத்து நின்ற காசிமேட்டுப் பையன் மிரண்டுபோனான். "இன்னா மாமு, நெருப்பைப் பாத்து இளிச்சிகினு கீறே? மறை கழண்டு பூட்ச்சா?"

புகை அடங்கியது. நான் பொதிகளைப் பார்த்துக் கூவினேன்: "சார், வெளியே வாங்க! பாஸா இல்லியா?"

"யாரைக் கூவுறே மேஸ்திரி?" என்றார் காதர் பாய். "பயர் சார்தான் பாய், ஒளிஞ்சிகினு கீறாரு" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். "சார் பொண்ணுக்குக் காது குத்துறாருன்னு வேலூர் போய்க் கீறாரு, நைனா. இது நெச நெருப்பு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேங்கிய தண்ணீரிலேயே உட்கார்ந்தேன். அணைந்துபோன நெருப்பைப் பார்த்து ஐயோ ஐயோ என்று அலறிய முதல் மேஸ்திரி நானாகத்தான் இருப்பேன்.

ஊரிலிருந்து திரும்பிய சார், கருகிய கயிற்றைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வாளியில தண்ணி இருந்துதா?" இருந்தது என்றேன். பேனாவை அவரே கேட்டு வாங்கினார். கல்யாணத்துக்கும் வந்தார். பீப்பாயில் நான் எறிந்த வாளியைத் தேய்த்துக் கழுவி, கழுத்தில் மாலை கட்டிப் பரிசாகக் கொடுத்தார்.

இப்போது எங்கள் கிடங்கில் பயிற்சி என்றால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, சாயங்காலமே எல்லோரும் தேறிவிட்டதாகக் கைதட்டி அனுப்பிவிடுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் நான் போய்க் கொக்கியில் தொங்கும் வாளிகளுக்குள் எட்டிப்பார்ப்பேன். பெரிசுக்கு ஏதோ கோளாறு என்று பையன்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் குழாயடியில் கருகிய வாளி ததும்பிக்கொண்டிருக்கும். அதைக் காலியாக வைக்க என் மனைவி விடுவதில்லை.

அந்த மாசி மத்தியானம் யாரும் எங்களுக்குப் பரீட்சை வைக்கவில்லை. கயிறு நிஜமாகவே எரிந்தது. வாளிகளில் தண்ணீர் இருந்தது. அணைத்துவிட்டோம்.